மைக்கைத் தரையில் வைத்தவர்: எட்வர்ட் மரோ பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

1937-இல் அமெரிக்காவின் சிபிஎஸ் வானொலி நிறுவனம் ஓர் இளைஞரை லண்டனுக்கு அனுப்பியது. ஐரோப்பா முழுவதற்கும் இனி அவர்தான் பொறுப்பு. வயது முப்பது ஆகவில்லை. எந்தப் பத்திரிகையிலும் வேலை பார்த்த அனுபவமும் இல்லை. லண்டனில் இருந்த அமெரிக்கச் செய்தியாளர்களின் சங்கத்தில் சேர விண்ணப்பித்தபோது, இவர் செய்தியாளரே அல்ல என்று சொல்லி மறுத்துவிட்டார்கள். போர் முடிவதற்குள் அதே சங்கம் அவரைத் தன் தலைவராகத் தேர்ந்தெடுத்தது.

அவர் பெயர் எட்வர்ட் ஆர். மரோ. வானொலிச் செய்தி, தொலைக்காட்சிச் செய்தி இரண்டும் நடை பழகிய காலத்தில் அவற்றுக்கு ஒரு முறையை வகுத்துக் கொடுத்தவர்களில் முதன்மையானவர். பிறந்ததோ மின்சாரமும் குழாய்த் தண்ணீரும் இல்லாத ஒரு பண்ணை வீட்டில். அந்த வீட்டுக்கும் பிற்கால மைக்குக்கும் கேமராவுக்கும் என்ன தொடர்பு என்று பார்ப்பதே இந்த ஆய்வின் நோக்கம். 'ஏழைப் பையன் உழைத்து முன்னுக்கு வந்தான்' என்று சொல்லிக் கடந்துவிடலாம்தான். ஆனால் அவரோடு மரம் வெட்டிய எத்தனையோ பையன்களும் ஏழைகள்தான், உழைத்தவர்கள்தான். அவர்களுக்குக் கிடைக்காதது எது, இவருக்குக் கிடைத்தது எது என்பதுதான் கேள்வி.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மரோ பொறியாளர் அல்ல. எந்தக் கருவியையும் அவர் கண்டுபிடிக்கவில்லை. ஒரு புதிய கருவி கைக்கு வந்தால் அதைக் கொண்டுபோய் எங்கே வைக்க வேண்டும், யார் பக்கம் திருப்ப வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அது ஒரு நாளில் வந்த அறிவு அல்ல.

பண்ணையும் மரமுகாமும்

வட கரோலினா மாநிலத்தில் கிரீன்ஸ்பரோ நகருக்கு அருகே போல்கேட் கிரீக் என்ற சிற்றூர். 1908 ஏப்ரல் 25 அன்று அங்கே பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் எக்பர்ட் ராஸ்கோ மரோ. அவர்கள் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவின் மரபைச் சேர்ந்தவர்கள். சோளமும் வைக்கோல் புல்லும் விளைவித்தார்கள். ஆண்டு முழுக்கப் பாடுபட்டாலும் சில நூறு டாலருக்கு மேல் கையில் நிற்காத விவசாயம் அது. அவருக்கு ஆறு வயது ஆவதை ஒட்டிக் குடும்பம் அந்த நிலத்தை விட்டுவிட்டு ரயிலேறி, நாட்டின் மறுகோடியில், கனடா எல்லைக்குப் பக்கத்தில் உள்ள வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்காஜிட் பகுதிக்குப் போனது. ஊர் பிளான்சர்ட். அங்கே தந்தை, வெட்டிய மரங்களை இழுத்துவரும் ரயிலில் வேலைக்குச் சேர்ந்து பின்னால் எஞ்சின் ஓட்டுநரானார். பையன்கள் மூவரும் கோடை விடுமுறையில் பக்கத்துப் பண்ணைகளில் களையெடுத்தார்கள், வைக்கோல் கட்டினார்கள், மாடு கறந்தார்கள்.

அந்த வீட்டில் தினமும் இரவில் பைபிளிலிருந்து ஓர் அத்தியாயம் உரக்கப் படிக்க வேண்டும். தாய் எத்தலின் பேச்சும் வழக்கத்தில் இல்லாத பழைய நடை; சொற்களை முன்பின்னாக மாற்றிப்போட்டுப் பேசுவார். மரோவின் பிற்கால வானொலி நடையில் அந்த ஒலி அப்படியே இருந்தது என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். எனக்கு இது மிக முக்கியமான செய்தியாகத் தோன்றுகிறது. அன்றைய பத்திரிகைக்காரர்கள் கண்ணால் படிப்பதற்காக எழுதப் பழகியவர்கள். இவரோ காதால் கேட்டு வளர்ந்தவர். வானொலி என்ற கருவி வந்தபோது, எழுதத் தெரிந்தவர்கள் ஆயிரம் பேர் இருந்தார்கள்; காதுக்குச் சொல்லத் தெரிந்தவர்கள் குறைவு.

எடிசன் என்ற ஊரின் உயர்நிலைப் பள்ளியில் விவாதக் குழுவிலும் கூடைப்பந்து அணியிலும் இருந்தார். பள்ளிப் பேருந்தையும் அவரே ஓட்டினார். 1925-இல் படிப்பு முடிந்ததும் கல்லூரிக்குப் போகப் பணம் இல்லை. ஓராண்டு மரமுகாமில் வேலை செய்து சேர்த்தார். பசிபிக் கரையோரக் காட்டில் மரம் வெட்டுவது உயிருக்கு ஆபத்தான வேலை. தொழிலாளர் சங்கக்காரர்களும் நிறுவனங்களும் கடுமையாக மோதிக்கொண்ட இடமும் அதுவே. 'வாப்ளிகள்' என்று அழைக்கப்பட்ட தீவிரத் தொழிற்சங்கத்தினரை அவர் பக்கத்திலிருந்து பார்த்தவர். கூலி வாங்குகிறவன் எப்படிப் பேசுவான், எதைப் பேசாமல் விழுங்குவான் என்பதை அங்கே கற்றிருப்பார்.

ஒரே வீட்டில் வளர்ந்த மூத்த அண்ணன் லேசி, மாநில நெடுஞ்சாலைத் துறையின் இயக்குநரானார். சியாட்டில் நகரில் ஏரியின் மேல் மிதக்கும் பாலம் ஒன்று இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அதனால், பண்ணை வாழ்க்கை மரோவைச் செய்தியாளராக்கியது என்று நேர்க்கோடு போட முடியாது. அந்த வீடு உழைப்பைக் கொடுத்தது. திசையைக் காட்டியவர் வேறு ஒருவர்.

ஐடா லூ ஆண்டர்சன்

1926-இல் புல்மன் நகரில் உள்ள வாஷிங்டன் மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். அரசுக் கல்லூரி என்பதால் அவரைப் போன்றவர்களுக்கும் எட்டியது. பேச்சுக்கலையைப் பாடமாக எடுத்துக்கொண்டார். அமெரிக்கக் கல்லூரிகளில் வானொலியைப் பாடமாகத் தொடங்கிய முதல் சில இடங்களில் அதுவும் ஒன்று.

பேச்சுக்கலை ஆசிரியை ஐடா லூ ஆண்டர்சன், குழந்தைப் பருவத்தில் போலியோவால் முதுகு வளைந்துபோனவர். தன் உடலின் வலியோடு வாழ்ந்துகொண்டே மாணவர்களுக்குக் குரலைக் கற்றுக்கொடுத்தவர். எக்பர்ட் என்ற கிராமத்துப் பையனிடம் ஏதோ இருக்கிறது என்று கண்டுகொண்டு தனியாக நேரம் ஒதுக்கினார். மரோ லண்டனிலிருந்து பேசத் தொடங்கிய பிறகும் வானொலியில் கேட்டுவிட்டுக் கருத்து எழுதி அனுப்பினார். 'இது லண்டன்' என்று மரோ தன் ஒலிபரப்பைத் தொடங்கும்போது முதல் சொல்லுக்குப் பிறகு சிறிது நிறுத்த வேண்டும் என்று சொன்னவரும் அவர்தான். உலகம் முழுக்க அறிந்த அந்த வரி, வாஷிங்டன் மாநிலத்து ஆசிரியை ஒருவர் திருத்திக் கொடுத்தது. 1941-இல் அவர் இறந்துபோனார். ஆசிரியர்களைப் பற்றி இப்படி எழுதுவது வழக்கமான புகழ்ச்சியாகப் படலாம். ஆனால் இந்த ஒருவரை எடுத்துவிட்டால் மீதிக் கதை நடந்திருக்காது என்றே நான் நம்புகிறேன்.

1930-இல் பட்டம் பெற்றதும் நியூயார்க் போனார். மாணவர் கூட்டமைப்பு ஒன்றுக்குத் தலைவர், அப்புறம் பன்னாட்டுக் கல்வி நிறுவனத்தில் துணை இயக்குநர். ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் வேலை பறிபோன ஜெர்மன் அறிஞர்களை அமெரிக்காவுக்குக் கொண்டுவரும் அவசரக் குழுவில் பணியாற்றினார். ஐரோப்பாவில் என்ன வரப்போகிறது என்பதை வேலையிழந்த பேராசிரியர்களின் கடிதங்கள் அவருக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டன. 1935-இல் சிபிஎஸ் அவரை உரைகள் பிரிவின் இயக்குநராக எடுத்துக்கொண்டது. அவர் பேச வேண்டியதில்லை. பிறரைப் பேச வைக்க வேண்டும். லண்டன் வேலையும் முதலில் அதுதான்.

எட்டு மணி நேரத்தில் ஐந்து நகரங்கள்

1938 மார்ச்சில் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தது. மரோ அமர்த்தியிருந்த செய்தியாளர் வில்லியம் ஷைரர் வியன்னாவிலேயே இருந்தார். ஆனால் அங்குள்ள வானொலி நிலையத்தில் பேச அவரை விடவில்லை. மரோவோ போலந்தில் குழந்தைகள் பாடும் நிகழ்ச்சி ஒன்றுக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். ஷைரரை லண்டனுக்குப் பறக்கச் சொல்லிவிட்டு, 27 பேர் அமரும் விமானத்தை ஆயிரம் டாலருக்கு வாடகைக்கு எடுத்து, அதில் ஒற்றைப் பயணியாக வியன்னா போய் இறங்கினார்.

மார்ச் 13, ஞாயிற்றுக்கிழமை. நியூயார்க்கிலிருந்து கட்டளை வந்தது: லண்டன், பாரிஸ், பெர்லின், ரோம், வியன்னா ஆகிய ஐந்து நகரங்களிலிருந்தும் அன்றிரவே ஒரே நிகழ்ச்சியில் நேரடியாகப் பேச வேண்டும். கையில் இருந்தது ஏறக்குறைய எட்டு மணி நேரம். அலுவலகங்கள் மூடியிருக்கும் நாள். ஒவ்வொரு நாட்டின் தொலைபேசித் துறையிடமும் கம்பி கேட்க வேண்டும், சிற்றலை ஒலிபரப்பி கேட்க வேண்டும், பேச ஆள் பிடிக்க வேண்டும். முந்தையவர் முடித்துவிட்டாரா என்று காதால் கேட்க முடியாத இடத்தில், கடிகார முள்ளை மட்டும் நம்பிச் சொன்ன நொடியில் பேசத் தொடங்க வேண்டும். ரோமில் ஒலிபரப்ப வழி கிடைக்கவில்லை. அங்கிருந்த செய்தியாளர் தன் குறிப்பைத் தொலைபேசியில் சொல்ல, லண்டனில் ஷைரர் படித்தார். நியூயார்க்கில் ராபர்ட் டிரவுட் ஒருங்கிணைக்க, அரை மணி நேர நிகழ்ச்சி பிசகில்லாமல் நடந்து முடிந்தது. இன்று நாம் தினமும் பார்க்கிற 'நேரலையில் நமது செய்தியாளர்' என்ற ஏற்பாட்டின் தொடக்கம் இது.

அன்று மரோ சொன்னதில் ஒரு தகவலைக் கவனியுங்கள். இங்கே மக்கள் பெர்லினில் இருப்பதைவிடக் கையைச் சற்று உயரமாகத் தூக்குகிறார்கள், 'ஹெய்ல் ஹிட்லர்' என்பதைச் சற்று உரக்கச் சொல்கிறார்கள் என்றார். அரசியல் விளக்கம் எதுவும் இல்லை, கைகளின் உயரம் மட்டுமே. அவருடைய முதல் பெரிய செய்தியே இதுதான் என்பது வியப்பாக இருக்கிறது.

நடைபாதையில் ஒரு மைக்

1940 ஆகஸ்ட் 24 இரவு. லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில், புனித மார்ட்டின் தேவாலயப் படிக்கட்டில் மரோ நிற்கிறார். விமானத் தாக்குதல் எச்சரிக்கைச் சங்கு ஊதுகிறது. மக்கள் சுரங்கப் பதுங்கிடத்துக்குப் போகிறார்கள். பெரும்பாலான செய்தியாளர்கள் அந்த நேரத்தில் என்ன செய்திருப்பார்கள்? வானத்தைப் பற்றிப் பேசியிருப்பார்கள். மரோ மைக்கைத் தரைக்கு இறக்கினார். நடக்கிற காலடி ஓசை அமெரிக்க வீடுகளுக்குள் கேட்டது. யாரும் ஓடவில்லை, சாதாரணமாக நடந்து போகிறார்கள். எஃகுச் செருப்பு அணிந்த பேய்கள் நடப்பது போன்ற ஓசை என்று மட்டும் சேர்த்துக்கொண்டார். லண்டன் மக்கள் கலங்கவில்லை என்று அவர் சொல்லவே இல்லை. கேட்டவர்களுக்குத் தெரிந்தது.

இந்த ஆய்வின் மையம் எனக்கு இந்த ஒரு நிமிடம்தான். மைக் எல்லாரிடமும் இருந்தது. அதைக் காலடிக்கு இறக்க வேண்டும் என்ற எண்ணம் பொறியியல் பாடத்திலிருந்து வராது. சாதாரண மனிதனின் உடலே செய்தி என்று நினைப்பவருக்குத்தான் வரும். பெரிய மனிதர்கள் யாரும் இல்லாத சூழலில் வளர்ந்தவருக்கு அது இயல்பாக வந்திருக்க வேண்டும்.

அடுத்த மாதம் குண்டுவீச்சு தீவிரமானபோது, கூரை மேல் நின்று நேரலையில் விவரிக்க அனுமதி கேட்டார். எதிரிக்குத் தகவல் போய்விடும் என்று தணிக்கையாளர்கள் மறுத்தார்கள். சரி என்று விட்டுவிடவில்லை. இரவுதோறும் கூரையில் நின்று மாதிரிக்காகப் பேசிப் பதிவுசெய்து, ரகசியம் எதுவும் வெளியே போகாது என்று காட்டிய பிறகே அனுமதி கிடைத்தது. அன்றைய அமெரிக்க வானொலி நிறுவனங்கள் பதிவு செய்த ஒலியைச் செய்தியில் பயன்படுத்துவதில்லை; எல்லாமே நேரலையாக இருக்க வேண்டும். அந்தக் கட்டுப்பாடுதான் அவரைக் கூரைக்கு ஏற்றியது என்றும் சொல்லலாம். அதே போர்க்காலத்தில், 1941 மே மாதம், லண்டனிலிருந்து பிபிசியின் தமிழ் ஒலிபரப்பும் தொடங்கியது என்பதைத் தமிழ் வாசகர்களுக்கு நினைவூட்டுகிறேன்.

1941 டிசம்பரில் நியூயார்க்கில் நடந்த பாராட்டு விருந்தில் கவிஞர் ஆர்ச்சிபால்ட் மக்லீஷ், நீங்கள் லண்டன் நகரத்தை எங்கள் வீடுகளுக்குள் எரித்தீர்கள், அந்தத் தீயை நாங்கள் உணர்ந்தோம் என்றார். சில நாட்களில் பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்டு அமெரிக்காவும் போரில் இறங்கியது.

1945 ஏப்ரல் 15 அன்று ஜெர்மனியில் நாஜிகள் நடத்திய புக்கன்வால்ட் வதை முகாமைப் பற்றிப் பேசினார். பிணங்கள் விறகுக் கட்டைகள் போல இரண்டு வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன என்றார். மரமுகாமில் கட்டை அடுக்கிய ஒருவரின் வாயில் அந்த வார்த்தை வந்தபோது, அது எவ்வளவு துல்லியமான வருணனை என்று அவருக்குத் தெரிந்திருக்கும். நான் சொல்வதை நம்புங்கள் என்று கேட்டுக்கொண்டார். கண்டதையும் கேட்டதையும் சொன்னேன், அதுவும் ஒரு பகுதியைத்தான், மீதிக்கு என்னிடம் வார்த்தை இல்லை என்று முடித்தார்.

தொலைக்காட்சி

தொலைக்காட்சியை மரோ தயக்கத்தோடுதான் அணுகினார். தயாரிப்பாளர் ஃபிரெட் ஃபிரெண்ட்லியோடு சேர்ந்து 1951 நவம்பர் 18 அன்று 'சீ இட் நவ்' நிகழ்ச்சியைத் தொடங்கினார். அமெரிக்காவின் இரு கரைகளையும் இணைக்கும் நுண்ணலை வழி அந்தச் செப்டம்பரில்தான் திறக்கப்பட்டிருந்தது. முதல் நிகழ்ச்சியில் கிழக்கே புரூக்ளின் பாலமும் மேற்கே கோல்டன் கேட் பாலமும் ஒரே நேரத்தில் திரையில் வந்தன. அவர் அதை வெறும் வித்தையாக விடவில்லை. கட்டுப்பாட்டு அறையிலேயே உட்கார்ந்து, கருவிகளைப் பார்வையாளருக்குக் காட்டியபடியே பேசினார்.

அடுத்த ஆண்டு கிறிஸ்துமஸுக்குக் கேமராக் குழுக்களைக் கொரியப் போர்முனைக்கு அனுப்பினார்கள். அந்த நிகழ்ச்சி, உறைந்த தரையில் சிப்பாய் ஒருவர் மண்வெட்டியால் குழி தோண்டுவதோடு தொடங்குகிறது. டிரஃபால்கர் காலடியின் அதே முறை இது.

1953 அக்டோபரில் மைலோ ராடுலோவிச் என்ற விமானப்படை அதிகாரியின் கதை. தந்தையும் சகோதரியும் கம்யூனிஸ்ட் சார்புடையவர்கள் என்ற சந்தேகத்தில் அவரை வெளியேற்றப் பார்த்தார்கள். நிகழ்ச்சி வெளிவந்து ஐந்து வாரங்களில் விமானப்படை முடிவை மாற்றிக்கொண்டது. 1954 மார்ச் 9 அன்று, தக்க ஆதாரமில்லாமல் பலரைக் கம்யூனிஸ்டுகள் என்று குற்றம் சாட்டிவந்த செனட்டர் ஜோசப் மக்கார்த்தியை எடுத்துக்கொண்டார்கள். பெரும்பாலும் மக்கார்த்தியின் சொந்தப் பேச்சையே படமாகக் காட்டி, அதன் முரண்களைப் பக்கத்தில் வைத்தார்கள். அந்த நிகழ்ச்சிக்கான பத்திரிகை விளம்பரத்துக்குச் சிபிஎஸ் பணம் தரவில்லை. மரோவும் ஃபிரெண்ட்லியும் கைக்காசைப் போட்டார்கள். மக்கார்த்தியை எதிர்த்து முன்பே எழுதிய பத்திரிகையாளர்கள் உண்டு. மரோ தாமதமாகத்தான் வந்தார். ஆனால் அவர்கள் எழுதினார்கள். இவர் அந்த மனிதரின் முகத்தையும் குரலையும் வீட்டுக்குள் கொண்டுவந்து காட்டினார்.

இதே காலத்தில் பிரபலங்களின் வீட்டைச் சுற்றிக்காட்டும் 'பெர்சன் டு பெர்சன்' நிகழ்ச்சியையும் அவர் நடத்தினார். அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அதில் வந்த புகழ்தான் மற்றதற்குப் பாதுகாப்பு கொடுத்தது.

1958 அக்டோபரில் சிகாகோவில் செய்தி இயக்குநர்கள் கூட்டத்தில் பேசினார். இந்தக் கருவி கற்பிக்கும், ஒளியூட்டும், உத்வேகம்கூடத் தரும். ஆனால் மனிதர்கள் அதற்காகப் பயன்படுத்தத் தீர்மானித்தால் மட்டுமே. இல்லாவிட்டால் இது ஒரு பெட்டிக்குள் இருக்கும் கம்பிகளும் விளக்குகளும்தான் என்றார். சொந்த முதலாளிகளை மேடையிலேயே குற்றம் சாட்டிய உரை அது. அதன்பிறகு சிபிஎஸ்ஸில் அவருக்கு இடம் சுருங்கிக்கொண்டே போனது.

வயலுக்குப் போன கேமரா

1960 நவம்பர் 25. அமெரிக்கர்கள் நன்றி கூறும் விருந்து உண்ட மறுநாள். 'ஹார்வெஸ்ட் ஆஃப் ஷேம்' என்ற ஒரு மணி நேர ஆவணப்படம் ஒளிபரப்பானது. முந்தைய நாள் மேசையில் இருந்த காய்கறிகளைப் பறித்த கூலிகளைப் பற்றியது. பல மாதங்கள் அலைந்து படமெடுத்தவர் தயாரிப்பாளர் டேவிட் லோ. பெரும் உழைப்பு அவருடையது என்பதைச் சொல்லியாக வேண்டும். மரோ குரலும் முகமும் கொடுத்தார். விடியற்காலையில் புளோரிடாவில் ஆட்களைக் கூவி அழைத்து லாரிகளில் ஏற்றும் காட்சி. இது காங்கோ அல்ல, ஜொகன்னஸ்பர்க் அல்ல, இது புளோரிடா, இவர்கள் 1960-இன் அமெரிக்கக் குடிமக்கள் என்கிறது அவர் குரல். முன்பெல்லாம் அடிமைகளைச் சொந்தமாக வைத்திருந்தோம், இப்போது வாடகைக்கு எடுக்கிறோம் என்று ஒரு விவசாயி சொன்னதையும் அப்படியே எடுத்துச் சொல்கிறார்.

பண்ணை வாழ்க்கையை அழகாக நினைவுகூர அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது. அதைச் செய்யவில்லை. பண்ணையில் யார் லாபம் பார்க்கிறார், யார் லாரியில் நிற்கிறார் என்பதைப் பார்த்தார். அவருடைய வேலைகளில் நான் மிக உயர்வாக மதிப்பது இதைத்தான்.

அதனாலேயே அடுத்து நடந்தது வருத்தம் தருகிறது. 1961-இல் ஜனாதிபதி கென்னடி அவரை அமெரிக்கத் தகவல் முகமையின் தலைவராக நியமித்தார். நாட்டின் பெயரை வெளிநாட்டில் காப்பது இப்போது அவர் பொறுப்பு. பிபிசி அந்த ஆவணப்படத்தை ஒளிபரப்பவிருந்தது. வேண்டாம் என்று மரோவே கேட்டுக்கொண்டார். பிபிசி மறுத்து ஒளிபரப்பியது. செய்தி வெளியே வந்து அவர் பெயருக்கு இழுக்கானது. மைக்கை எங்கே வைக்க வேண்டும் என்று அறிந்தவர், பதவி மாறியதும் அதே மைக்கை மூடச் சொன்னார். அவரை விரும்புகிறவர்கள் இதை ஒரு வரியில் கடந்துவிடுவதுண்டு. கடக்கக் கூடாது என்பது என் கருத்து. அவருடைய திறமை ஒரு சுதந்திரமான இடத்தில் நின்றபோது மட்டுமே வேலை செய்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேறில்லை.

நாள் முழுக்கச் சிகரெட் பிடித்தவர். புகைப்பதற்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைப் பற்றி 1955-இல் அவரே நிகழ்ச்சி செய்திருந்தார். அதே நோயில் 1965 ஏப்ரல் 27 அன்று, நியூயார்க் மாநிலத்தில் தான் வாங்கியிருந்த பண்ணையில் காலமானார். வயது 57.

அந்த ஆவணப்படம் காட்டிய மனிதர்களுக்கு என்ன ஆனது? 1966-இல் திருத்தப்பட்ட கூட்டாட்சிச் சட்டம் முதன்முறையாக விவசாயத் தொழிலாளர்களில் ஒரு பகுதியினருக்குக் குறைந்தபட்ச ஊதியத்தை உறுதிசெய்தது. கூடுதல் நேரத்துக்கான ஊதியம் அந்தச் சட்டத்தில் அவர்களுக்கு இன்றும் இல்லை. சங்கம் அமைக்கும் உரிமையைக் காக்கும் 1935-ஆம் ஆண்டின் தேசியத் தொழிலாளர் உறவுச் சட்டமும் அவர்களை வெளியே நிறுத்தியது. அந்த விலக்கு இன்னும் நீக்கப்படவில்லை.